பிரசாதம் மாதிரி வாங்கினேன்

கோயிலுக்குள் யார் எதைக் கையில் வைத்தாலும் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வது சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வழக்கம். அன்று காலை பிராகாரத்தில் ஒரு வெள்ளைக்கார ஹிப்பிப் பெண் சர்க்கரைக் கட்டி ஒன்றைத் தந்தாள். அப்படியே போட்டுக்கொண்டு வந்து தறியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பாவு இழைகள் தண்ணீராய் ஓடின. சேலைக் கரை மயில்கள் திரும்பி என்னையே பார்த்தன. அலறினேன். மனைவி டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"அந்தச் சக்கரைக் கட்டியில எல்.எஸ்.டி. இருந்திருக்கும்பா, இல்லாததெல்லாம் கண்ணுல காட்டும். சீமையில ஆராய்ச்சிக்குன்னு செஞ்ச மருந்து, இப்ப அங்கியே தடை பண்ணிட்டாங்க. ராத்திரிக்குள்ள தெளிஞ்சிடும்" என்றார் அவர்.

மறுநாள் புகார் கொடுக்கப் போனால், ஸ்டேஷனில் ஏட்டு சலித்துக்கொண்டார். "பேரே புதுசா இருக்குது. எந்த செக்‌ஷன்ல எழுதறதுபா?"

தாறுமாறாக நெய்ததைப் பிரிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. இப்போதெல்லாம் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை. போன வெள்ளிக்கிழமை அர்ச்சகரிடமே "இன்னா இது?" என்று கேட்டுவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தீர்த்தம்பா" என்றார்.