தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க

வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. அக்கா முந்தின நாள் மாலை எழுதிவைத்த அட்டையைப் பார்த்து, எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு லென்ஸைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "டயாலிசிஸ் ஓடிட்டிருக்கும்போதே ஹார்ட் நின்னுடுச்சு சார். ரொம்ப நேரம் முயற்சி பண்ணிப் பார்த்தோம்" என்றார் நர்ஸ். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தீட்டும் சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆறு வருடங்களாக வாரத்தில் மூன்று நாள் அக்காவுக்கு இதுதான் வழக்கம். விடிவதற்குள் போய் மெஷினோடு படுப்பாள். பதினொன்றரைக்குத் திரும்பிவந்து, முகம் கழுவி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கண் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். அரை லிட்டர் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மணி எழுதியிருந்தாள். நாலு மணிக் கோட்டை மூன்றே முக்காலுக்குத் தொட்டு நான் பார்த்ததில்லை.

கண் பார்த்துக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். வெட்கம்தான் காரணம். தெரியாத எழுத்தை ஊகித்துச் சொல்வார்கள், கண்ணை இடுக்கிக்கொள்வார்கள், முறை வருவதற்குள் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அக்கா தினம் இருபது தடவையாவது சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இது பரீட்சை இல்ல. இங்க ஃபெயிலானாத்தான் கண்ணாடி." கடைசிச் சொல்லுக்கு எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உண்மை வரும்.

ஜெபத்திலும் அவள் அப்படித்தான். கடையைத் திறந்ததும் கல்லாமேசைக்குப் பின்னால் நின்று, கண்ணை மூடி, ரத்தப் பரிசோதனை முடிவை அப்படியே ஒப்பிப்பாள். "கிரியாட்டினின் ஒம்பது புள்ளி ரெண்டு, ஆண்டவரே. பொட்டாசியம் ஏறியிருக்கு. நேத்து எனக்குக் கோபமும் வந்துச்சு." ஒருமுறை கேட்டேன், இதெல்லாம் அவருக்குத் தெரியாதா என்று. "அவருக்குத் தெரியும்டா. நான் மறைக்கலன்னும் தெரியணும்ல" என்றாள். சுகம் வேண்டும் என்று தினமும் கேட்டாள். ஒரு நாளும் விடவில்லை. "கேக்கறது என் வேலை. குடுக்கறது அவர் வேலை. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாப்போம்."

அவளைச் சும்மா விட்டவர்கள் யார்? பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர், "ஏம்மா, உங்க சாமிக்கு உன் கிட்னி அட்ரஸ் தெரியாதா?" என்று வாரம் ஒருமுறையாவது சீண்டுவார். "அட்ரஸ் தெரியும்ணே. அவசரந்தான் இல்ல" என்பாள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அம்மா போன பிறகு எங்களை வளர்த்த சித்தி ஒருநாள் தாயத்துக் கயிறோடு வந்தாள். "கட்டிக்கிட்டா என்ன கொறஞ்சா போயிடுவ? உசுரு முக்கியமா, உன் பிடிவாதம் முக்கியமா?" ஊசி குத்துகிற கையில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை அக்கா எடுத்துச் சொன்னாள். "சரி, இன்னொரு கைய நீட்டு" என்றாள் சித்தி. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "உக்காரு சித்தி, உன் கண்ணப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றாள். அன்று கயிறோடு வந்தவள் புதுக் கண்ணாடியோடு போனாள்.

இவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியிலிருந்து கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கைகோத்து ஜெபிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவள் விரலை முறித்தவர்கள் மேல்தான் கோபம்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, போதகர் ஐயா அவளை முன்னால் அழைத்தார். வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மைக்கை அவள் கையில் கொடுத்து, "சுகமாயிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணுங்க சகோதரி. விசுவாசத்தோட சொல்லுங்க, சொன்னபடி ஆகும்" என்றார். கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது. ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாகிப்போன கையால் அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"இந்த வாரமும் மூணு நாள் மெஷின்ல இருந்தேன். இன்னும் சுகமாகல. ஆண்டவர் கூட இருந்தார். ஸ்தோத்திரம்."

இவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இடத்தில் வந்து உட்கார்ந்தாள். கைதட்டல் வரவில்லை. அடுத்த வாரமே சிறுபிள்ளைகள் வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பதினோரு வருடங்கள் அவள் நடத்திய வகுப்பு. "பிள்ளைங்களுக்கு அவிசுவாசம் ஒட்டிக்கும்" என்று பெண்கள் கூட்டத் தலைவி முகத்துக்கு நேரே சொன்னாள். அக்காவுக்குள் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது என்று இன்னொருத்தி கண்டுபிடித்தாள். மூன்று வருடங்களும் இதே பேச்சு: ஒரு வார்த்தை சொல்லிவிடு, வகுப்பு திரும்பக் கிடைக்கும், முன்வரிசை திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு வார்த்தை. பொய்யை விசுவாசம் என்று பெயர் மாற்றி நோயாளியிடம் கேட்பவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

நான் போவதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள். ஏன் இன்னும் போகிறாய் என்று கத்தினேன். "வாட்ச்மேன் மொறைக்கிறான்னு வீட்டுக்காரரப் பார்க்காம திரும்புவாங்களாடா?" என்றாள்.

கடைசி வரிசையிலிருந்துதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். போதகர் ஐயா வேதத்தை மாதத்துக்கு மாதம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஒரு முழு அதிகாரத்தையும் பக்கம் திருப்பாமலே வாசித்து முடித்தார். "மனப்பாடம்டா. படிக்கிற பவர் ப்ளஸ் ரெண்டாவது இருக்கும், பாவம். சொல்லிக்க வெக்கப்படறார்" என்றாள் அக்கா. எனக்கு அதை மைக்கில் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் விரலை நீட்டி எச்சரித்தாள். "கண்ணு விஷயம் கடை வாசலத் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்." பிறகு ஒரு வருடம், ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம், யார் காதிலும் விழாமல், "ஐயா, சும்மா ஒருநா கடைப்பக்கம் வாங்க" என்று அவரிடம் சொல்லிவந்தாள்.

அவள் இறப்பதற்கு முந்தின நாள் மாலை, தெருவில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து அவர் வந்தார். பின்னறையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. வலது கண்ணைப் பார்த்து பவரை எழுதினாள். பிறகு அந்தக் கண்ணை மூடிவிட்டு, படிக்கும் அட்டையை நீட்டினாள். இடது கண்ணால் அவர் கடகடவென்று கடைசி வரிவரை வாசித்தார்.

"ஐயா, இது இப்பத்தான் வலது கண்ணால படிச்சது. அட்டைய மாத்தறேன்."

வேறு அட்டை வைக்கும் சத்தம். அவர் செருமிக்கொண்டார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க ஐயா. இங்க நானும் நீங்களுந்தான்." இங்க ஃபெயிலானாத்தான் என்ற வேடிக்கையை அவரிடம் அவள் சொல்லவில்லை.

"இன்னொரு நாள் பார்த்துக்கலாம் சகோதரி" என்றார். நாற்காலி நகர்ந்தது. தெரியல என்ற அந்தச் சின்னச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதே மனிதர்தான் அவளிடம் மூன்று வருடங்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் போன பிறகு அக்கா பவர் எழுதிய அட்டையை என்னிடம் கொடுத்தாள். "வலதத் தீட்டி வை. ஒண்ணு ரெடின்னா மறுபடி வருவார்."

அடக்கத்தில் போதகர் ஐயா, நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "சகோதரி ஐம்பத்தெட்டு வயதில்" என்று ஆரம்பித்தார். முப்பத்தெட்டு என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தேன். "முப்பத்தெட்டு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மீதியை மனப்பாடமாகச் சொன்னார். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னார்: பூரண ஆயுசோடு எடுத்துக்கொள்ளப்பட்டார். அவருக்குக் கண் தெரியவில்லை என்று அங்கேயே உடைத்திருப்பேன். அக்கா நீட்டிய அந்த விரல் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இன்றும் பெயரைச் சொல்லாமல்தான் எழுதுகிறேன்.

நேற்று கடையைத் திறந்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவருடைய லென்ஸ் பாதி தீட்டியபடி கிடந்தது. அதை எடுத்து எறிய வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தீட்டி முடித்து, துடைத்து, ஃபிரேமில் பொருத்திவிட்டேன். அட்டை மேசையில் இருக்கிறது. வலது என்பதற்கு எதிரே, ப்ளஸ் இரண்டே கால் என்று அவள் கையெழுத்து. இடது என்று எழுதி, பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.