மருத மரம் வரை ஒரு நீச்சல்

எங்கள் சேவைக் கழகத்தில் ஒவ்வொரு யூலையிலும் தலைவர் மாறுவார். பழைய தலைவரின் கழுத்தில் கிடக்கும் பித்தளைச் சங்கிலியைக் கழற்றிப் புதியவரின் கழுத்தில் போடுவார்கள். புதியவர் தன்னுடைய ஆண்டில் என்ன செய்யப் போகிறார் என்று நாலு வார்த்தை பேச வேண்டும். அனேகமாக எல்லாரும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள்: கண்ணாடி கொடுப்போம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுப்போம், உலர் உணவுப் பொதி கொடுப்போம். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். துணுக்காய்ப் பக்கத்தில் மருந்து விற்கும் பாமசி வைத்திருக்கும் நான் அந்தக் கழகத்தின் முதல் பெண் தலைவி. நானும் அப்படி ஒரு பேச்சை எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் சங்கிலி கழுத்தில் விழுந்ததும் அந்தக் கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "இந்த முறை கோடை ஒன்றுகூடலில பிள்ளையளுக்கு நீந்தப் பழக்குவம்," என்றேன்.

பழைய தலைவர் அரிசி ஆலைக்காரர். பதவி போனாலும் மைக்கை விட மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நல்ல விசயம் தங்கச்சி. தலைவிக்கு நீந்தத் தெரியுமோ?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது.

"அது உங்களுக்குத் தேவையில்லாத கதை அண்ணை," என்றேன். உண்மையான பதில், தெரியாது என்பதுதான்.

தெரியாதது மட்டுமல்ல, பயமும் கூட. சின்ன வயதில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்து வந்தபோது, அடித்தட்டில் ஏறிய தண்ணீரை அம்மா ஒரு சட்டியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அள்ள அள்ளத் தண்ணீர் குறையவே இல்லை. அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எனக்கு மூச்சு வராது. நாற்பத்தாறு வயது வரை கிணற்றடியில் வாளியால் குளித்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

அப்படிப்பட்டவள் ஏன் இப்படி வாயைக் கொடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் முந்தைய மாரி. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்ந்த நாள்களில், குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு வீட்டின் மகன் தண்ணீரோடு போய்விட்டான். பன்னிரண்டு வயது. கழகம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கண்ணீர் அஞ்சலி பனர் அடித்துச் சந்தியில் கட்டினோம். உலர் உணவுப் பொதி ஒன்றும் கொண்டு போனோம். பொதியைத் தூக்கிக்கொண்டு போனது நான். அந்தத் தாய் வாசலுக்கு வந்து அதைப் பார்த்தார். அவருடைய சட்டையைப் பிடித்தபடி மகள் நின்றாள்.

"இதில அவன்ர பங்கை ஆருக்கு அக்கா போடுறது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கண்டவர் நின்றவரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். பிள்ளை போன பிறகு அரிசி கொண்டு போவதற்கு எதற்கு ஒரு கழகம்? எங்களைச் சுற்றி எத்தனை குளம், எத்தனை வாய்க்கால், எத்தனை தோட்டக் கிணறு. இந்தத் தண்ணீரை நம்பித்தான் எல்லா வயலும் விளைகிறது. ஆனால் நீந்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் பெண்கள் ஒருவரும் இல்லை.

எங்கள் கோடை ஒன்றுகூடல் ஓகஸ்ட் விடுமுறையில், ஞாயிறு தோறும் குளக்கட்டில் நடக்கும். உறுப்பினர் குடும்பங்களும் ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், பெரிய கிடாரத்தில் அரிசி ஆலை அண்ணையின் ஆட்டிறைச்சிக் கறி. அந்த நாள்களில் அதே குளம் வற்றி, படித்துறைப் பக்கம் இடுப்பளவு தண்ணீரே நிற்கும். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முதலை இருக்குமே என்று கணவர் இழுத்தார். குளத்தில் மீன் பிடிப்பவர்களிடம் போய்க் கேட்டேன். "நாளும் பொழுதும் இதுக்குள்ளதான் நிக்கிறம். ரெண்டு காலும் இருக்கோ எண்டு எண்ணிப் பாருங்கோ," என்று சாரத்தைத் தூக்கிக் காட்டினார்கள்.

பழக்குவதற்கும் ஆள் இருந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் கட்டி வந்தவர், களப்பில் தாயோடு இறால் பிடித்து வளர்ந்தவர். வேதக்காரப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். இத்தனை வருடம் எங்கள் ஊரில் இருந்தும் கழகத்தில் அவர் உறுப்பினர் இல்லை, ஏனென்றால் அவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் போய்க் கேட்டபோது, "இப்பவாவது கேட்டியளே," என்றார்.

முதல் ஞாயிறு ஆண் பிள்ளைகள் தவளைக் கூட்டம் போல் வந்து குதித்தார்கள். பெண் பிள்ளைகளுக்கென்று படங்கு கட்டி மறைப்புச் செய்திருந்தேன். கைபேசி கொண்டு வந்தால் பறிப்பேன் என்றும் சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு சிறுமிகூட வரவில்லை. அடுத்த நாள் பாமசியைக் கணவரிடம் விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லாத் தாய்மாரும் தேத்தண்ணீர் தந்தார்கள், எல்லாரும் ஒரே பதிலையும் தந்தார்கள்: "அந்தப் பெடியன்ர அம்மா தன்ர பிள்ளைய விட்டால் நாங்களும் விடுறம்."

ஆகவே கடைசியில் அந்த வீட்டுக்கே போனேன். இந்த முறை கையில் பொதி இல்லை. அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்கள் நீந்துவியளோ அக்கா?"

இவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை," என்றேன்.

"எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பிறகு என்ர பிள்ளைய மட்டும் எப்பிடித் தண்ணிக்குள்ள விடச் சொல்லுறியள்?" குளத்தின் பக்கம் கையை நீட்டினார். படித்துறைக்கு நேரே, குளத்துக்குள் ஒரு திட்டில், ஒரு மருத மரம் நிற்கிறது. "அந்த மருத மரம் மட்டும் நீந்திக் காட்டுங்கோ. அதுக்குப் பிறகு விடுறன்."

எனக்குக் கோபம் வந்தால் கணக்குப் பார்க்கத் தெரியாது. "சரி. கடைசி ஞாயிறு நீந்திக் காட்டுறன்," என்று சொல்லிவிட்டுத்தான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். படித்துறைக்கும் திட்டுக்கும் நடுவில் பழைய வாய்க்கால் பள்ளம் ஒன்று உண்டு. கோடையிலும் அங்கே கால் எட்டாது.

மறுநாள் காலையே பழக்கம் தொடங்கியது. பழைய சுடிதாரும் நெற்றி நிறையத் திருநீறுமாகப் போய் நின்றேன். "திருநீறு முதல் முழுக்கோட போயிடும் அக்கா, ஆனால் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பழக்குபவர் தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் நாள் முழங்கால். இரண்டாம் நாள் இடுப்பு. மூன்றாம் நாள் என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தார். நான் அவருடைய கழுத்தைப் பிடித்து நெரிக்காத குறை.

"அக்கா, தண்ணிக்கு உங்களில ஒரு கோபமும் இல்லை. நீங்கள்தான் அதோட சண்டை பிடிக்கிறியள். காதைத் தண்ணிக்குள்ள விடுங்கோ. வானத்தைப் பாருங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."

இந்த ஐந்து வசனத்தையும் அவர் ஒரு காலையில் நூறு தடவை கத்தினார். கடற்கரைக் குரல், குளத்தின் மறு கரைக்கும் கேட்கும்.

கேட்கத்தான் செய்தது. இரண்டாம் நாளிலிருந்தே அந்தத் தாய் குளக்கட்டில் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் குடை பிடித்தபடி மகள். நான் தண்ணீர் குடித்து இருமும்போது பார்ப்பார், எழுந்து நின்று மூக்கைச் சிந்தும்போது பார்ப்பார். தோற்கிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒரு நாள், குடித்த தண்ணீர் மூக்கால் வந்த ஆத்திரத்தில், "அவாவை வீட்ட போகச் சொல்லும். பள்ளிக்கூடச் சோதினை மாதிரி ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் என்னெண்டு பழகிறது?" என்று கத்தினேன்.

பழக்குபவர் குரலைத் தணித்துச் சொன்னார்: "அக்கா, பெடியன் போன நாளில இருந்து அவா இந்தக் குளக்கட்டில காலே வைக்கேல்லையாம். இப்ப ஒவ்வொரு நாளும் வாறா. பேசாமல் இருக்க விடுங்கோ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடியும் மல்லாக்கப் படுத்தேன். அன்றுதான் முதல் தடவையாக, அவர் முதுகிலிருந்து கையை எடுத்ததைக்கூட அறியாமல் மிதந்தேன். வானம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் மறுபடியும் தண்ணீர் குடித்தேன் என்பது வேறு கதை.

மல்லாக்கக் கிடந்து காலை உதைத்துப் போவது ஒன்றுதான் எனக்குப் பிடிபட்டது. கரையோரமாக, கால் எட்டுகிற தண்ணீரில், மரம் வரையான அதே தூரத்தை அளந்து கயிறு கட்டிப் பழகினேன். பள்ளத்தின் மேலால் மட்டும் போய்ப் பார்க்கவில்லை. அதற்கு மனம் வரவே இல்லை. திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, மீன்பிடிக்காரரின் தோணி வந்து ஏற்றிவரும் என்று ஒழுங்கு செய்திருந்தோம்.

கடைசி ஞாயிறு வந்தது. குளக்கட்டு நிறையச் சனம். கறி கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் அகப்பையைப் பிடித்திருந்தவர் வேறு யாரோ. அரிசி ஆலை அண்ணையைத் தேடினால், மனுசன் லொறி ரியூப் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில், கழுத்தளவு தண்ணீரில் நின்றார்.

"இஞ்ச என்ன அண்ணை செய்யிறியள்?"

"சும்மா குளிக்க வந்தனான். நீர் உம்மட அலுவலைப் பாரும் தங்கச்சி."

நன்றி சொன்னால் அழுதுவிடுவேன் என்று, பதிலுக்கு முறைத்துவிட்டுத் தண்ணீரில் மல்லாக்கப் படுத்தேன். காது தண்ணீருக்குள் போனதும் சனத்தின் சத்தம் முழுவதும் அறுந்தது. என் மூச்சு மட்டும் எனக்குள் பெரிதாகக் கேட்டது. உதைத்தேன். வானத்தில் ஒரு கொக்கு போனது. முதுகுக்குக் கீழே தண்ணீர் திடீரென்று குளிர்ந்தபோது, பள்ளத்தின் மேல் வந்துவிட்டேன் என்று தெரிந்தது. அம்மாவின் சட்டி ஞாபகம் வந்தது. மூச்சு ஒரு தரம் நின்றது, கால் கீழே இறங்கப் பார்த்தது. தண்ணிக்கு உன்னில் கோபம் இல்லை, கோபம் இல்லை என்று எனக்கே சொல்லிச் சொல்லி வயிற்றைத் தூக்கி உதைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை போய் ஒரு வேரில் நன்றாக இடித்தது.

என் வாழ்நாளில் அதைவிட இனிமையான இடி ஒன்றை நான் வாங்கியதில்லை. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வென்றுவிட்டேன்! கையை உயர்த்தி, சனத்தின் ஆரவாரத்தை வாங்கத் தயாராகக் கரையைத் திரும்பிப் பார்த்தேன்.

என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் படித்துறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தாய் கட்டியிருந்த சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மகள் அவருடைய இரண்டு கைகளின் மேலும் மல்லாக்கக் கிடந்தாள். பழக்குபவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார், ஏனென்றால் அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அந்தத் தாயின் குரல் தண்ணீர் மேலால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"காதைத் தண்ணிக்குள்ள விடு. வானத்தைப் பார். அம்மா பிடிச்சிருக்கிறன்."

அவர் நான் தோற்கிறேனா என்று பார்க்க வரவில்லை. பாடம் படிக்க வந்திருக்கிறார். நான் குடித்த தண்ணீரின் ஒவ்வொரு மிடறையும் அவர் குளக்கட்டில் இருந்தபடியே படித்து முடித்திருக்கிறார்.

தோணி என்னை நோக்கி வரத் தொடங்கியது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, கோபம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். மறுபடியும் மல்லாக்க விழுந்து, வந்த வழியே உதைத்தேன். திரும்பும்போது பள்ளம் எங்கே இருந்தது என்றுகூட நான் கவனிக்கவில்லை. நடுவில் ஒரு தரம் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தபோது படங்கு மறைப்புக்கு முன்னால் உடுப்பு மாற்றச் சிறுமிகள் வரிசையில் நின்றார்கள், தாய்மார் அவர்களை முண்டியடித்து முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கொஞ்சத் தூரம் சிரித்துச் சிரித்தே மூழ்கப் பார்த்தேன். படித்துறையில் கால் ஊன்றி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாயின் முன்னால் போய் நின்றேன். போகவும் வரவும் நீந்தியிருக்கிறேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் மகளிடமிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"அக்கா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ," என்றார். "நான் கையை எடுக்கப் போறன்."

நான் தள்ளி நின்றேன்.