தூக்குச்சட்டியில் ஓடைத் தவளை

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில் எங்கள் ரெம்பாவ் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகும் நாங்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். விடியலில் வெறும் வயிற்றோடு போய் மதியம்தான் திரும்புவோம். வேலி வாசலில் சோதனை போடுகிற காவல்காரி என் தூக்குச்சட்டித் தண்ணீரில்கூடக் கையை விட்டுத் துழாவுவாள். குடிக்கிற தண்ணீர்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மலையோர ஓடையில் பால்வாளி கழுவும்போது, பாறையில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவுத் தவளை ஒன்றைப் பிடித்து வந்தேன். எவ்வளவு வெள்ளம் அடித்தாலும் பிடியை விடாத சாதி அது. மறுநாள் காலை அதைத் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடினேன்.

அவள் வழக்கம்போல் கையை விட்டாள். தவளை அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது. உதறினாள், அது விடவில்லை.

"என்னடி இது?" என்று அலறினாள்.

"சோறுதானே கூடாதுன்னீங்க? தவளை கூடாதுன்னு யாரும் சொல்லலியே லா" என்றேன்.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைத் திட்டித் தீர்த்தார். நான் தவளையை எடுத்துப்போய் அதே பாறையில் விட்டேன்.

அடுத்த நாள் அவள் என் சட்டியைத் தொடவே இல்லை. "போ, போ" என்றாள்.

அன்று அந்தச் சட்டி நிறையச் சோறு இருந்தது.