இரண்டாம் வியாழன்

அண்ணியை நினைத்தால் முதலில் கண்முன் வருவது, மடியில் ஷூத்தோலை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்த கோலம்தான். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகத்தை ‘அப்பர்’ என்பார்கள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் அப்பர்களைக் கையால் தைத்துக் கொடுப்பது எங்கள் தெருப் பெண்கள் பலருக்கு வீட்டுவேலையோடு சேர்ந்த வேலை. அண்ணியின் தையல் அச்சடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர் ஒருநாள் நூல் கோர்க்க முடியாமல், ஊசியை மூக்கருகே கொண்டுபோய்த் திணறியதைப் பார்த்தேன். “இன்னா அண்ணி, வயசாயிடுச்சா? கண்ணாடி போடுங்க” என்று கேலி செய்துவிட்டு நானே கோர்த்துக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

அம்மா பக்கவாதத்தில் படுத்து அப்போது மூன்றாவது வருடம். அதற்கு முன்பே அண்ணன் இறந்துவிட்டான். பிள்ளை குட்டியும் இல்லை. அண்ணி நினைத்திருந்தால் தாய்வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பெற்ற மகளான நான் அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாதம் ஒருமுறை ஒரு பை சாத்துக்குடியோடு ரயிலேறி வருவேன். வந்ததும் அம்மாவைப் புரட்டி, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன். நகம் ஏன் வெட்டவில்லை, தலையணை உறை ஏன் மாற்றவில்லை என்று கேட்பேன். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன். மேஸ்திரி வேலை எனக்கு நன்றாக வரும். “நீங்க சாப்டீங்களா அண்ணி?” என்று ஒருமுறைகூடக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அந்தத் தெருவில் அம்மாவைப் போலப் படுத்த படுக்கையாக நாலைந்து வீடுகளில் பெரியவர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை எல்லோரும் ‘பாஜி’ என்போம். அவருக்கு அந்தக் கஷ்டம் தெரியும், தன் மாமனாரை ஆறு வருடம் பார்த்தவர். அவர்தான் தெருப் பெண்களைக் கூட்டிப் பேசி ஒரு முறை வைத்தார். மாதத்தில் ஒருநாள் ஒரு வீட்டுக்கு விடுமுறை. அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேறொருத்தி வந்து நோயாளியோடு இருப்பாள். அந்த வீட்டுப் பெண் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தூங்கலாம், கோயிலுக்கோ சந்தைக்கோ போகலாம். எங்கள் வீட்டுக்கு மாதத்தின் இரண்டாம் வியாழன் விழுந்தது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அம்மாவின் கட்டிலில் பாஜி உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அம்மா கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதுவே எனக்குச் சுருக்கென்றது. “அண்ணி எங்க?” என்றேன். “வெளிய போயிருக்குது, வந்துடும்மா” என்றார் பாஜி. நாலு மணிக்கு அண்ணி வந்தார். நல்ல புடவை, கையில் பை. கண் இரண்டும் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மாட்டிக்கொண்டதால் அழுகிறார் என்று நினைத்தேன்.

“எங்க போனீங்க? சினிமாவுக்கா?” என்றேன்.

“சும்மாதான் பாப்பா. வெளிய.”

“எங்கம்மாவ தெருக்காரங்ககிட்ட வுட்டுட்டு வெளிய போய்ட்டீங்களா?”

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார். நான் விடவில்லை, பாஜி பக்கம் திரும்பினேன். “நீங்க இனிமே சிரமப்படாதீங்க பாஜி. எங்கம்மாவ பாத்துக்க எங்க வீட்ல ஆள் இருக்குது.” பாஜி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “ஆள் இருக்குதும்மா. ஒரே ஆள்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்குக் கோபம்தான் ஜாஸ்தியானது. ஊர் பார்த்தால் என்ன நினைக்கும் என்பதுதான் அன்றைக்கு என் கவலையெல்லாம். அம்மாவுக்காகப் பேசுகிறேன் என்று நம்பிக்கொண்டு ரயிலேறினேன். அதோடு எங்கள் வீட்டு வியாழன் நின்றது.

எட்டு மாதம் கழித்து அம்மா போய்ச் சேர்ந்தாள். உடம்பில் ஒரு புண் கிடையாது. குளிப்பாட்டிய பெண்களே அண்ணியைக் கும்பிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தி போட்டபோது அண்ணியும் பரிமாற வந்தார். என் இலைக்கு வந்தவர் பாயசத்தை இலைக்கு வெளியே, என் மடியில் ஊற்றினார். “பாத்து ஊத்துங்க அண்ணி!” என்று கத்தினேன். அவர் என் குரல் வந்த திசையில், ஆனால் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்து, “சூடு பட்டுச்சா பாப்பா?” என்றார். அண்ணிக்குக் கண் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாஜிதான் எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை நோய் அண்ணியின் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. மாதம் ஒருமுறை வேலூருக்கு வந்து கண்ணில் ஊசி போட்டுக்கொண்டால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டாம் வியாழன்தான் அந்த நாள். இரண்டு ஊசி போட்டாயிற்று. இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு, கண்ணில் விட்ட மருந்து வழிய வழியத் தனியாக பஸ் பிடித்து வந்த அன்றைக்குத்தான் நான் வாசலில் நின்று சினிமாவா என்று கேட்டிருக்கிறேன். மறுவாரமே அவரை வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, “நடுவுல ஏம்மா வரல?” என்றார். “வீட்ல வேல இருந்துச்சு சார்” என்றார் அண்ணி. இனி ஊசி போட்டும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“கண்ணு போவுதுன்னு சொன்னா, அத்தைய பாத்துக்காம இருக்க சாக்கு சொல்றேன்னு நெனப்பியோன்னு பயந்துட்டேன் பாப்பா.”

அப்படி நினைத்திருப்பேனா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நினைத்திருப்பேன். என்னைப் பற்றி அண்ணிக்குச் சரியாகத்தான் தெரிந்திருந்தது.

இப்போது அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். அரக்கோணத்துக்கு வரச் சொன்னால் மாட்டேன் என்கிறார். இந்த வீட்டில் எது எங்கே என்று அவர் கைக்குத் தெரியும். அதனால் மாதத்தில் பாதி நாள் நான் இங்கே வந்து இருக்கிறேன். பாதி நாளிலேயே இடுப்பு விட்டுப்போகிறது. குளிக்க வைத்து, சோறு போட்டு, மாத்திரை கொடுத்து நிமிர்வதற்குள் பொழுது போய்விடுகிறது. பார்வை இல்லாவிட்டாலும் தானாக எழுந்து நடக்கிறவர் அண்ணி. அம்மாவோ அசையாமல் கிடந்தவள். அந்த வருடங்களை அண்ணி எப்படித் தாண்டினாரோ.

போன மாதம் ஒரு புதன்கிழமை, அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். “பாப்பா, நாளைக்கு ரெண்டாவது வியாழன். பாஜிகிட்ட சொல்லிட்டேன், பத்து மணிக்கு வந்துடுவாங்க. நீ எங்கனா போய்ட்டு வா” என்றார்.

“எனக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம்? நான் எங்கயும் போவல.”

“ஒரே ஆளு பாத்துட்டே இருந்தா பேஜாராயிடும். போய்ட்டு வா. எங்க போனன்னு நான் கேக்கமாட்டேன்.”

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டத் தெரிந்தவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மறுநாள் பாஜி வந்து என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, “கெளம்பும்மா” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வேலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. அதில் ஏறியிருக்க வேண்டியவர் வீட்டில் இருந்தார்.