சிவப்புத் துணிக்குக் கீழே

படகிலிருந்து இறங்கும்போதே தீவைச் சுற்றிப் பார்க்க வந்த அந்த ஜோடி ஒரு பையைக் கடலில் விட்டுவிட்டது. படகுக்காரர் கொக்கி போட்டு இழுத்துக் கொடுத்தார். உள்ளே இருந்த துணியெல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனால், பதிவு அடுத்த மாதத்துக்கு இருந்தது.

"ஒருதடவை சரி பாருன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் பொண்டாட்டி.

"பார்த்தேன். தேதி சரியாத்தான் இருந்துச்சு."

"தேதி சரி. மாசம் யாரு பாக்கறது, உங்கப்பாவா?"

சுற்றுலாக் கூட்டம் மொய்க்கிற காலம். தீவில் எங்கும் இடமில்லை. விடுதிக்காரர் பின்தெருவைக் கைகாட்டினார். "சலவையக்கா வீட்டுல ஒரு அறை இருக்கும். துணியும் துவைச்சிக்கலாம்."

சலவையக்காவுக்கு வேறு பெயர் இருக்கிறது. அது ரேஷன் அட்டையோடு சரி. தீவின் விடுதிகளில் பாதிக்கு மேல் படுக்கை விரிப்பு அவள் வீட்டுக்குத்தான் வரும். மணலும் எண்ணெயும் கொட்டிய பானமும் பூசிக்கொண்டு வருகிற விரிப்புகள், கொடியிலிருந்து இறங்கும்போது புதுத்தாள் மாதிரி இறங்கும். கைராசி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "கை என்ன கை, தண்ணி நல்ல தண்ணி" என்பாள்.

அந்தத் தண்ணீர் அவள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். தீவில் மற்ற கிணறுகள் எல்லாம் ஒவ்வொன்றாக உப்பாகிவிட்டன. சோப்பு போட்டால் நுரைக்காது, திரிந்துபோய்த் துணியில் ஒட்டும். இவள் கிணறு மட்டும் தப்பியதற்குக் காரணம் அதிர்ஷ்டமில்லை, அடக்கம். மணலுக்கு அடியில் மழைத்தண்ணீர் கடல்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கொஞ்சம் எடுத்தால் கொஞ்சம் ஊறும். பேராசைப்பட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினது லேசில் இறங்காது. இதை அவள் அப்பா சொல்லிக் கொடுத்து, கிணற்று உறையில் ஒரு கம்பியடித்து சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார். தண்ணீர் துணியைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். துணி நைந்தால் அவள் புதுத்துணி கட்டுவாள். துணிக்குக் கீழே ஒருநாளும் இறைத்ததில்லை. கல்யாணத்துக்கு இறைக்கவில்லை, சாவுக்கும் இறைக்கவில்லை.

பாகம் பிரித்தபோது கடலைப் பார்த்த முன்பாதியைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். அவளுக்குக் கிணறும் கொல்லையும். "கிணத்தக் கட்டிக்கிட்டு அழு" என்று சிரித்தான். அவன் பக்கம் இன்று ஆட்டமும் பாட்டுமாகக் கடற்கரை பார் ஆகிவிட்டது. அவளுக்குப் பொறாமை இல்லை. நடுவில் எழுந்த சுவரில் ஆள் குனிந்து போகிற ஒரு திட்டி வாசல் மட்டும் விட்டார்கள். தம்பி வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர் அது வழியாகப் போகும். அப்பா சொன்ன பேச்சு ஒன்றுதான்: குடத்தில் எடுக்கலாம், குழாயில் எடுக்கக் கூடாது.

ஜோடிக்குக் கொடுத்த அறை ஒருகாலத்தில் மோட்டார் கொட்டகை. சுவிட்ச் இன்னும் உள்ளேதான் இருந்தது. மாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

"இது மோட்டார் சுவிட்ச். இதத் தொடக் கூடாது. தண்ணி வேணும்னா என்கிட்ட கேளுங்க."

"தொட மாட்டோம் அக்கா" என்றான் புருஷன். முதுகில் ஆளுயரப் பை, அதில் ஒரு சட்டியும் செருப்பும் தொங்கின. அன்றே சலவையக்கா அவனுக்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் சில நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. வாடகை ஸ்கூட்டரைச் சாக்கடையில் இறக்கினார்கள். வெயிலில் தூங்கி இரண்டு பேரும் வெந்த நண்டு மாதிரி சிவந்து வந்தார்கள். சாவியைத் தொலைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏறி, ஜன்னல் கதவின் கீல் ஒன்றைப் பெயர்த்தார்கள். அக்கா மாற்றுச் சாவி கொடுத்தாள்.

"ஏம்மா, இவன எங்க புடிச்ச?"

"ஆபீஸ்லக்கா. அங்க ரொம்ப ஒழுங்கா இருந்தான்."

"ஆபீஸ்ல யாருதான் ஒழுங்கா இல்ல."

சோப்பும் வெளுப்புத் தூளும் தீர்ந்துபோனதால் ஒருநாள் அக்கா காலைப் படகில் அக்கரைக்குப் போனாள். அன்றைக்குத் தம்பியின் பாரில் நுரை விளையாட்டு. பெரிய மின்விசிறி வைத்து சோப்புத் தண்ணீரை ஊதுவார்கள், இடுப்பளவு நுரையில் நின்று ஆடுவார்கள். அதற்கு லாரித் தண்ணீர் வரும். அவன் பாடு.

சாயங்காலப் படகில் திரும்பி வந்தாள். தெருவில் நுழைந்ததுமே சாக்கடையில் வெள்ளை நுரை பொங்கி ஓடுவதைப் பார்த்தாள். அப்படி ஒரு நுரை உப்புத் தண்ணீரில் வராது. லாரித் தண்ணீரிலும் இவ்வளவு பொங்காது.

அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது. தண்ணீரை இழுக்கிற சத்தம் இல்லை. தொண்டை வறண்டு இருமுகிற சத்தம்.

சோப்புப் பெட்டியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினாள். அறை பூட்டியிருந்தது. மாற்றுச் சாவியும் அவர்களிடம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்கள் பெயர்த்த அதே ஜன்னலில் ஏறினாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முழங்கால் உரசி ரத்தம் வந்தது. உள்ளே குதித்து சுவிட்சை அடித்து அணைத்தாள்.

கிணற்றை எட்டிப் பார்த்தாள். சிவப்புத் துணி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவள் ஆயுசில் பார்த்திராத உறைகள், பாசி பிடித்து ஈரமாக. அடியில் கலங்கலாகக் கொஞ்சம். வாளியை விட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

உள்ளங்கையில் ஊற்றி சோப்பைத் தேய்த்தாள். நுரை வரவில்லை. சோப்பு திரிந்து விரலிடுக்கில் ஒட்டியது.

திட்டி வாசல் வழியாகப் பச்சைக் குழாய் ஒன்று பாம்பு மாதிரி போயிருந்தது. அதே வாசல் வழியாகத்தான் மூட்டையும் பொண்டாட்டியும் வந்தார்கள், தலையெல்லாம் நுரை, சிரிப்பு அடங்கவில்லை.

"அக்கா! வந்துட்டீங்களா? லாரி வரலைன்னு எல்லாரும் முழிச்சாங்க. நாங்கதான் காப்பாத்தினோம்" என்றான் அவன்.

"எதக் காப்பாத்தின?"

அவள் குரல் கேட்டு அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. அவனுக்கு இன்னும் புரியவில்லை.

"தண்ணிதானக்கா… ஊறிடும்ல?"

"ஊறிடுமா? உங்க ஊர்ல திருகினா வரும், மூடினா நிக்கும். இது கெணறு. நாக்குல வச்சுப் பாரு. பாருடா!" வாளியை அவன் நெஞ்சில் இடித்தாள். "உள்ள ஊறிக் கெடக்கற விரிப்பு எல்லாம் எந்தத் தண்ணியில அலசுவேன்? நாளைக்கு எனக்குச் சோறு யாரு போடுவா, உன் மூட்டையா? தொடாதேன்னு சொன்னேன். ஒரே ஒரு வார்த்த. அதக் கேக்க உனக்கு என்ன கொள்ள?"

நுரை அவன் காதோரமாக வழிந்தது.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று அந்தப் பெண் புருஷன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "நாலு பேரு கைதட்டினா போதும் இவனுக்கு!" பிறகு அக்காவிடம், அழுகையும் ஆத்திரமுமாக: "ஆனா இவனா போடலக்கா. உங்க தம்பிதான் குழாயக் கொண்டுவந்து மாட்டினாரு. போட்டு விடுப்பா, அக்கா ஒண்ணும் சொல்லாதுன்னாரு."

சலவையக்கா வாளியைக் கீழே வைத்தாள். குழாயைப் பிடித்து இழுத்து, சுருட்டாமலே தோளில் போட்டுக்கொண்டு பாருக்குள் நுழைந்தாள்.

பாட்டு அலறிக்கொண்டிருந்தது. தம்பி மேசைக்குப் பின்னால் நின்றான். அவன் முன்னால் குழாயைத் தொப்பென்று போட்டாள்.

"அக்கா, கேளு, லாரிக்காரன் கைய விரிச்சிட்டான். ஒருநாள்தான…"

"அந்தப் பையனுக்குத் தெரியாது. எங்கிருந்தோ வந்த முட்டாள். நீ அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவன். அப்பா துணி கட்டறப்போ விளக்குப் புடிச்சவன் நீ."

"எல்லாரும் பாக்கறாங்கக்கா. அப்புறம் பேசலாம்."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். வீட்டுல பூந்த திருடனக்கூட மன்னிக்கலாம். கதவத் திறந்து விட்டவன என்ன பண்றது?"

நுரையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் இதுவும் ஒரு கேளிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மறுநாள் ஊறின விரிப்புகளை அலச வேண்டும். தண்ணீர் கொஞ்சநேரமே வருகிற தெருக்கோடிப் பொதுக்குழாயில்தான். அவள் கேட்கவில்லை, அந்தப் பெண் தானாகவே குடத்தை எடுத்தாள். மூட்டையும் ஒரு குடம் எடுத்தான். வழியில் ஒன்றைப் போட்டு உடைத்தான். யாரும் சிரிக்கவில்லை. புறப்படும்போது பெண் வாசலில் நின்றாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிச்சேன்னு வாயில சொன்னா கெணறு இனிக்காதும்மா. படகு போயிடும், போ."

அவர்கள் போய்விட்டார்கள். கிணறு இருந்தது, உப்பாக. விடுதிகள் ஒவ்வொன்றாக விரிப்புகளைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்பத் தொடங்கின. அவள் வெற்றுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்து பழக்கமில்லாத கை எதையாவது தேய்த்துக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் ஒரு வாளி எடுப்பாள், உள்ளங்கையில் சோப்பு தேய்ப்பாள், உதறுவாள். மோட்டார் சுவிட்சைப் பிடுங்கித் தன் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொண்டாள். பாரில் பாட்டு ஒருநாளும் நிற்கவில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

மழை வந்தது. விட்டுவிட்டு, பிறகு விடாமல். துணியைத் தண்ணீர் தொட்டு, தாண்டி ஏறியது. அவள் அவசரப்படவில்லை. மேலும் பல மழைகளை விட்டாள். பிறகு ஒரு காலை சோப்பைத் தேய்த்தபோது உள்ளங்கையில் மெல்லியதாக, பால் ஆடை மாதிரி, நுரை எழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சிமெண்ட் குழைத்தாள்.

திட்டி வாசலில் பாதி உயரத்துக்குக் கல் ஏறியபோது, மறுபக்கம் தம்பி வந்து நின்றான். கையில் குடம்.

"நுரை வந்துச்சாக்கா?"

"வந்துச்சு."

"அப்போ… என்னக்கா இது, சுவரு?"

அவள் அடுத்த கல்லை வைத்தாள். கரண்டியின் பிடியால் தட்டி மட்டம் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணியக்கூட இல்லேம்பியா? அப்பா பேச்சு அது."

"குடிக்கிற தண்ணிய யாருக்கும் இல்லேன்னு சொன்னதில்ல. உனக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். "தெரு வழியா சுத்தி வா. எல்லாரும் பாக்க என் வாசல்ல நின்னு கேளு. நானே எறைச்சு ஊத்தறேன்."

அவன் அங்கேயே நின்றான். அவன் முகம் மறைகிற உயரத்துக்கு அவள் கல் வைத்தாள்.