உப்பு என்று பேர் வைத்தவள்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்த வேலை, சமையலறை அலமாரியிலிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி தேடியது. எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். மூடி கிடைக்காததைத் தூக்கிப் போடலாம் என்றேன்.

"போடு, போடு. என்னையும் சேர்த்துப் போடு" என்றாள்.

நான் அன்று காலைதான் சித்தி வீட்டிலிருந்து வந்திருந்தேன். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பக்கத்து ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் அங்கே போய்வந்தால் அம்மா உடனே எதுவும் கேட்க மாட்டாள். கையில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்பாள்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க."

"இளைச்சிருக்காளா?"

"இல்லம்மா."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

இத்தனை வருடமாக இதற்கு 'இல்லை' என்ற ஒரே பதில்தான். அன்றைக்கு மட்டும் பதில் வேறு.

"கேட்டாங்க" என்றேன்.

அம்மா கையிலிருந்த மூடியை ஒரு டப்பாவில் அழுத்தினாள். அது அந்த டப்பாவின் மூடி இல்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அம்மாவும் சித்தியும் ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள். வெண்ணெய் டப்பா செய்யும் இயந்திரம். அங்கே டப்பாவைச் செய்துவிட்டு அதன்மேல் லேபிள் ஒட்டுவதில்லை. அச்சு திறந்திருக்கும்போதே இயந்திரக் கை ஒன்று லேபிளை எடுத்து உள்ளே வைக்கும். நிலைமின்சாரம் அதை அச்சின் சுவரோடு பிடித்துக்கொள்ளும். அச்சு மூடும், உருகிய பிளாஸ்டிக் பாயும். லேபிளும் அதே வகைப் பிளாஸ்டிக் என்பதால் சூட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது. நான் இப்போது அச்சு வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த முறையை எனக்கு முதலில் விளக்கியது கல்லூரி இல்லை. சோறு ஊட்டும்போது இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்ன கதை அது.

சித்தியின் வேலை லேபிள் அடுக்குவது. லேபிள் கட்டினை விசிறி மாதிரி விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து, தட்டில் வைக்க வேண்டும். அம்மாவின் வேலை வெளியே வரும் டப்பாவைப் பார்ப்பது. லேபிள் சுருங்கியிருக்கிறதா, கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பாள். அன்றன்றைக்கு யார் தின்பண்டம் கொண்டுவருவது என்பதில்தான் இருவருக்கும் சண்டை வரும்.

ஒருநாள் உப்பு சேர்த்த வெண்ணெய்க்கான டப்பா முடிந்து, உப்பு சேர்க்காத வெண்ணெய்க்கான டப்பா தொடங்கியது. இரண்டு லேபிளும் ஒரே நீலம், ஒரே பசு. அடியில் ஒரு வரிதான் வேறு. மாற்றும்போது தட்டிலிருக்கும் பழைய லேபிளை எடுத்துவிட வேண்டும். சித்தி எடுக்கவில்லை. மீந்திருந்த பழையதன்மேல் புதியதை வைத்துவிட்டாள். அம்மா சுருக்கத்தைப் பார்த்தாள், கோணலைப் பார்த்தாள், அந்த வரியைப் பார்க்கவில்லை. பெட்டி கட்டும் இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள்.

வேறு முறையாக இருந்தால் லேபிளை உரித்து மாற்றி ஒட்டியிருக்கலாம். இதில் அந்தப் பேச்சே இல்லை. தப்பான டப்பாவைப் பொறுக்கி அரவைக்குப் போட வேண்டியதுதான். வீட்டுக்குக் கிளம்பிய எல்லோரையும் உட்காரவைத்துப் பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் எரிச்சல். சித்தி தலை நிமிரவில்லை. அந்த இறுக்கத்தைக் கலைக்கத்தான் அம்மா வாயைத் திறந்தாள்.

"இவளை ஏன் முறைக்கிறீங்க? வீட்டுலயே உப்பு போட்டோமா இல்லையான்னு இவளுக்குத் தெரியாது. தினமும் நான்தான் நக்கிப் பார்க்கிறேன். இனிமே இவ பேரே உப்புதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள்.

மறுநாள் வாசல் காவலாளி "உப்பு வந்தாச்சா?" என்றார். அடுத்த வாரம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். சித்தியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் ஆலையில் விசாரித்தபோது, அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆள் யாரென்று புரியவைக்க வேண்டியிருந்ததாம். அவர்கள் வரவில்லை. சித்தி வேலையை விட்டாள். கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னது: "தப்பு பண்ணினது நாம ரெண்டு பேரும். பேரு மட்டும் எனக்கு வச்சுட்ட."

அம்மா இரண்டு தடவை தையல் கடைக்குப் போனாள். சித்தி நிமிர்ந்து பார்த்து, "வாங்க, என்ன தைக்கணும்?" என்று கேட்டாளாம். முதல் தடவை அம்மா அப்படியே திரும்பிவிட்டாள். இரண்டாம் தடவை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள். சித்தி கச்சிதமாகத் தைத்து ஆள்மூலம் அனுப்பினாள். அம்மா அதைப் போட்டதே இல்லை. எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பாள். அதன்பிறகு, அவளாகக் கூப்பிட்டால்தான் போவேன் என்று இருந்துவிட்டாள்.

டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அன்று, சித்தி தந்தனுப்பியதை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய மூக்குக்கண்ணாடி. ஒரு கால் உடைந்திருந்தது. நான் எங்கள் தெருக் கடையில் வாங்கித் தந்தது, அங்கேதான் சரிசெய்வார்கள்.

"அது மட்டுமில்லம்மா. சரிபண்ணி என்கிட்ட குடுத்தனுப்ப வேணாம், அக்காவையே கொண்டுவரச் சொல்லுன்னாங்க."

"அக்கான்னா சொன்னா?"

"ஆமா."

"பொய் சொன்னேன்னா பல்லைக் கழட்டிடுவேன்."

"சத்தியமாம்மா."

அம்மா டப்பாக்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கடைக்குப் போனாள். திங்கட்கிழமை கிடைக்கும் என்றார்களாம். திரும்பி வந்து, எந்தப் புடவை கட்டுவது, எந்தப் பேருந்தில் போவது, போனதும் என்ன பேசுவது என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் பேசாதே. சிரிக்கிறேன்னு எதையும் சொல்லாதே" என்றேன். "வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுப் போறேன், போதுமா?" என்றாள்.

திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். மருத்துவமனை வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

சித்தி வந்தாள். கூடத்தில் படுக்கவைத்திருந்த அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். மூக்கோடு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். சுற்றி இருந்தவர்கள் பிடித்து எழுப்ப வந்தார்கள்.

"விடுங்க. கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"கடைக்குப் போனாளாடி?"

"அன்னைக்கே போனாங்க, சித்தி. இன்னைக்குத்தான் வரச் சொல்லியிருந்தாங்க."

போன வாரம் தையல் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடியை நான் வாங்கிவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

"உன்னையா கொண்டுவரச் சொன்னேன்?" என்றாள்.

கண்ணாடி இன்னும் எங்கள் தெருக் கடையில்தான் இருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க, கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிறாள் சித்தி.