ஒட்டாமல் விடும் யன்னல்

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அது எங்கள் முதல் குளிர்காலம். மின்சாரம் நின்றாலும் சூடு வெளியே போகக்கூடாதென்று யன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, கதவிடுக்கையும் துணியால் அடைத்திருந்தோம். ஒருநாள், விழுந்ததும் பனிக்கட்டியாய் உறையும் உறைமழையில் மின்சாரம் நின்றது. மாலைக்குள் வீடு விறைத்துப்போனது. மகளுக்கு ஒரு மாதம்தான்.

"பயப்பிடாதையுமப்பா. கரண்ட் இல்லாமலே வளர்ந்த ஆக்கள்தானே நாங்கள்" என்றார் கணவர். மகளைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணி போடும் சட்டியில் கரியை மூட்டி அறைக்குள் வைத்தார். அறை இதமானது. எனக்குத் தலையிடித்தது; களைப்பென்று நினைத்தேன். பால் கொடுக்க எழுப்பினேன். மகள் கண் திறக்கவில்லை.

அந்த நேரம் மெழுகுதிரி கேட்டுக் கதவைத் தட்டினாள் மேல்வீட்டு ஹெயிட்டிப் பெண். கரிச்சட்டியைக் கண்டதும் பிரெஞ்சில் கத்திக்கொண்டு பாய்ந்து யன்னல் பிளாஸ்டிக்கைக் கிழித்தாள்.

"ஐயோ, பிள்ளைக்குக் குளிரும்!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வெளிப்படிக்கு ஓடினாள். பனிக்காற்று பட்டதும் மகள் வீறிட்டு அழுதாள்.

கரியிலிருந்து வந்த வாயு மணமில்லாத நஞ்சென்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மகள் பிழைத்தாள்.

இப்போதும் குளிர்காலத்துக்கு முன் பிளாஸ்டிக் ஒட்டுகிறோம். மகளின் அறையில் ஒரு யன்னலை மட்டும் விட்டுவிடுவேன். குளிர் வருகிறதே என்று கணவர் ஒருநாளும் கேட்டதில்லை.